எம் இல்லத்துப் பிள்ளைக் காப்பகம்

உலகத்தில் விலை கூறுதற்கு எளிய பொருள்களும் உள. அரிய பொருள்களும் உள. காய்கறி விற்பார் காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையும் கூறுவர். அதுபற்றி அவரை அன்பிலார் என்று நோவார் எவருமிலர். ஆயின், பிறர் பெற்ற மகவை மடியில் இருத்திச் சோறூட்டி உறங்கச் செய்வார் ஒருவர், தம் கூலியை நூறு ரூபாய் உயர்த்திக் கேட்க நேருமாயின் நாவெழாது நிற்கின்றார். கேட்டால், 'பிள்ளைமேல் வைத்த அன்பெல்லாம் பணத்திற்குத்தானோ' என்னும் சொல் பிறந்துவிடுமோ என்று அஞ்சுகின்றார். கேளாதிருந்தாலோ, அடுப்பும் அரிசியும் அவரைக் கேட்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே எம் அன்னையார் பட்ட இடர்ப்பாட்டையும், அதனைத் தீர்க்கப் புகுந்து யாம் இழைத்த பிழையையும் நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் இல்லம் பாளையங்கோட்டையில் உள்ளது. பள்ளிகள் நெருங்கிய ஊராதலின், காலையிலும் மாலையிலும் தெருக்களெல்லாம் சீருடைப் பிள்ளைகளாகவே காட்சியளிக்கும். பள்ளிகள் மிக்க ஊரில், பள்ளி விட்டபின் பிள்ளையை எங்கே வைப்பது என்னும் கவலையும் மிக்கிருத்தல் இயல்பே. எம் தந்தையார் அச்சகமொன்றில் பணியாற்றுகின்றார். அன்னையார் சிறியதொரு மழலையர் பள்ளியில் ஒன்பது ஆண்டு கற்பித்தவர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, அச்சிறு பள்ளியும் மூடப்பட்டது. பின்னர் அது திறக்கப்படவேயில்லை. இரண்டு ஆண்டு வாளா இருந்த அன்னையார், 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எம் வீட்டு முன்கூடத்தைக் கழுவிக் கோலமிட்டு, ஆறு கோரைப்பாய்களை விரித்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். பாய் நெய்தலிற் பேர்பெற்ற பத்தமடை எம் மாவட்டத்து ஊரேயாகும். மணமக்கட்கு நெய்து தரும் பட்டுப்பாய் அல்ல இவை; நாள்தோறும் துடைத்து வெயிலிற் காயப்போடும் எளிய பாய்கள். பாய் ஒன்றிற்குப் பிள்ளை ஒன்று. ஏழாவது பாய் விரிப்பதில்லை. ஒருத்தியின் இரண்டு கண்ணும் இரண்டு கையும் ஆறு பிள்ளைகட்குமேற் செல்லா என்பது அன்னையார் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட சட்டம்.

அவ்வாறு பிள்ளைகளுள் இருவர் காலை எட்டரை முதல் மாலை ஆறுவரை நாள் முழுதும் இருப்பவர். மூவர் மழலையர் வகுப்பு விட்டதும் மூன்று மணிக்கு வந்து ஆறு மணிக்குச் செல்பவர். எஞ்சிய ஒரு பெண்மகவு வாரத்தில் மூன்று நாள் மட்டும் காலை முதல் மாலைவரை இருப்பது. அதன் தாயார் துணிக்கடையொன்றில் விற்பனைப் பணி செய்கின்றார். பாட்டியார் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் ஒரு வீட்டிற் சமையல் வேலைக்குச் செல்கின்றார். ஆதலின் அம்மூன்று நாளும் அம்மகவு எம் வீட்டில் இருக்கும். முழுநாட் பிள்ளைக்குத் திங்களுக்கு 2500 ரூபாய். பகுதிநேரப் பிள்ளை ஒவ்வொன்றிற்கும் அதிற் பாதியாகிய 1250 ரூபாய். 'பாதி நேரம், ஆதலால் பாதிக் கூலி' என்று அன்னையார் அன்று முடிவு செய்தார். கேட்பார்க்கு அது நேரிய கணக்காகவே தோன்றும்; எமக்கும் அவ்வாறே தோன்றிற்று.

யாம் கல்லூரியிலிருந்து திரும்பும் மாலை நான்கு மணிப்பொழுதில் எம் முன்கூடம் காணத்தக்கதொரு காட்சியாகும். தாமிரவருணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துத் தோன்றிய குமரகுருபரர் முதலிய புலவர் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களை யாம் வகுப்பிற் கற்கின்றோம். பிள்ளைப் பருவத்தைக் காப்பு முதலாகப் பத்தாகப் பகுத்தனர் அப்புலவர். செங்கீரை ஆடுதலும், சப்பாணி கொட்டுதலும், அம்புலியை அழைத்தலும் எம் வீட்டில் உரையின்றியே விளங்கும். ஆயினும் அப்பத்தனுள் அடங்காத பருவம் ஒன்றையும் யாம் கண்டிருக்கின்றோம். மணி ஐந்தேமுக்கால் ஆனவுடன் ஆறு பிள்ளைகளும் விளையாட்டை விட்டு, வாயிற்படியருகே வந்து தெருவை நோக்கி நிற்கும். அதனைக் காத்திருத்தற் பருவம் என்று யாம் பெயரிட்டு வழங்குவோம். வேலைக்குச் செல்லும் தாய்மார் பெருகிய இக்காலத்துப் பிள்ளைத்தமிழில் அப்பருவத்திற்கும் பத்துப்பாட்டு வேண்டும் போலும்.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் சென்றன. கூலி உயரவில்லை. 2025-ஆம் ஆண்டு மேத் திங்களில் ஒருநாள் அன்னையார் தம் கணக்கேட்டை எம்மிடம் தந்து, 'கையில் ஒன்றும் நிற்கவில்லையே' என்றார். யாம் எழுதுகோலை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். பிள்ளைகட்கு நாள்தோறும் வாங்கும் ஆவின் ஆரஞ்சு நிறப் பால் ஒரு லிட்டர் 48 ரூபாயாக இருந்தது, 2022 நவம்பரில் 60 ரூபாயாயிற்று; திங்களுக்கு இருபத்தைந்து நாளுக்கு 300 ரூபாய் மிகுதி. மின்கட்டணம் 2022 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் உயர்ந்தது. முட்டையோ, நாமக்கல்லில் நாள்தோறும் விலை குறிக்கப்படும் பொருள். அதன் ஏற்றத்தாழ்வை ஏட்டில் எழுதி முடியாது. வீடு துடைக்க வரும் ஆச்சியார் 1000 ரூபாயை 1500 ஆக்கக் கேட்டபோது, அன்னையார் மறுசொல் இன்றிக் கொடுத்திருந்தார். பிறர் கூலியை உயர்த்த அறிந்தவர் தம் கூலியை உயர்த்த அறிந்திலர்!

எல்லாம் ஏறியே இருக்கும் என்னும் எண்ணத்தோடு சமையல் எரிவாயுக் கணக்கையும் பார்த்தோம். அங்கே எமக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. சென்னை விலைப்படி 2022 ஜூன் திங்களில் 1018 ரூபாய் 50 காசாக இருந்த உருளை, இடையில் ஏறிப் பின் இறங்கி, 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. 150 ரூபாய் குறைவு! வேண்டியதொரு முடிவை முன்னரே உள்ளத்திற் கொண்டு கணக்குப் பார்ப்பார்க்கு இத்தகைய எண்கள் உவப்பளிப்பதில்லை. இந்திய நாட்டில் நுகர்பொருள் விலையேற்றம் 2023-24-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 5.4 எனவும், 2024-25-ஆம் ஆண்டில் 4.6 எனவும் கணக்கிட்டிருந்தனர். யாம் ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்று கொண்டு பெருக்கிப் பார்த்தோம். 1250 ரூபாய் முதலாண்டில் 1312 ஆகவும், இரண்டாமாண்டில் 1378 ஆகவும், மூன்றாமாண்டில் 1447 ஆகவும் வளர்ந்தது. அஃதாவது, ஆண்டுதோறும் அறுபது எழுபது ரூபாய் உயர்த்தியிருப்பின், எவரும் முகஞ்சுளியாமல் 1450 என்னும் இடத்திற்கு வந்திருக்கலாம். மூன்றாண்டு வாளா இருந்துவிட்டு ஒரே நாளில் 200 ரூபாய் கேட்பது, படியின்றி மாடிக்கு ஏறச் சொல்வதனை ஒக்கும்.

கணக்கு 200 என்றது. ஆயின் யாம் எழுதியது 500. இதற்குக் காரணத்தை ஈண்டு மறையாது சொல்லுதல் வேண்டும். எம் இரண்டாமாண்டுக் கட்டணம் ஜூன் திங்களிற் செலுத்தவேண்டியிருந்தது. பால் விலையும் மின்விலையும் சொல்லிக்கொண்டே எம் நெஞ்சம் அக்கட்டணத்தை எண்ணிக்கொண்டிருந்தது. பிறர்க்குக் காட்டும் கணக்கு ஒன்று, உள்ளே ஓடும் கணக்கு மற்றொன்று என்றாயிற்று. முழுநாட் பிள்ளைக்கு 3500, பகுதிநேரப் பிள்ளைக்கு 1750, ஆறு மணிக்குமேற் கால்மணி நேரம் தாழ்ப்பார்க்கு 50 ரூபாய் தண்டம் என்று வரையறுத்தோம்.

பின்னர், எம் தமிழ்ப் புலமை முழுவதையும் காட்டி ஒரு மடல் எழுதினோம். 'இதனால் யாவர்க்கும் அறிவிக்கப்படுவது யாதெனின்' என்று தொடங்கி, 'வழுவாது ஒழுகுமாறு வேண்டப்படுகின்றது' என்று முடிந்தது அம்மடல். அன்னையார் அதனை இருமுறை படித்தார். 'ஏல, இதை யாருக்கு எழுதியிருக்க? பிள்ளைகளைப் பெத்தவங்களுக்கா, கலெக்டருக்கா?' என்று நகைத்தார். ஆயினும் கையெழுத்திட்டார். முகத்தை நோக்கிக் கேட்கும் துணிவு அவர்க்கு இல்லை. கேளாமலே கேட்பதற்கு ஒரு தாள் கிடைத்தது. மே 28-ஆம் நாள் ஆறு பிள்ளைகளின் பைகளிலும் அம்மடல் சென்றது. புதிய கூலி ஜூன் முதல் நாள் தொடங்கும் என்றிருந்தது. இடையே நான்கு நாள்!

விளைவு யாதாயிற்று? முழுநாட் பிள்ளைகளின் பெற்றோர் இருவரும் ஒன்றும் உரையாது பணத்தைக் கொடுத்தனர். ஆயின் முன்போல் வாயிலில் நின்று இரண்டு சொல் பேசுதல் நின்றது. மாலைப் பிள்ளைகளின் தாயருள் ஒருவர், 'நேர்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்' என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மற்றொருவர், முன்னெல்லாம் ஆறேகாலுக்கு ஓட்டமும் நடையுமாய் வந்து பத்துமுறை வருத்தம் தெரிவிப்பவர், இப்போது ஆறரைக்கு அமைதியாய் வந்து நூறு ரூபாயை மேசைமேல் வைத்துப் பிள்ளையை அழைத்துச் சென்றார். தண்டம் என்று யாம் வைத்ததனை அவர் விலை என்று கொண்டார். விலை கொடுத்தபின் வருந்துவானேன்? இதனை எம் நண்பராகிய பொருளியல் மாணவர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் நகைத்து ஓர் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். இசுரேல் நாட்டு ஹைஃபா நகரத்துப் பிள்ளைக் காப்பகங்களில் தாழ்த்து வரும் பெற்றோர்க்குத் தண்டம் விதித்துப் பார்த்தனராம் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்னும் அறிஞர் இருவர். தாழ்ப்பார் தொகை குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்காயிற்று. தண்டத்தை நீக்கியபின்னரும் அது பழைய அளவிற்குத் திரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இம்முடிவை யாம் முன்னரே அறிந்திருப்பின், எம் வீட்டு மேசையில் அந்த நூறு ரூபாய்த் தாளைக் கண்டிரோம்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்கன. பொறுக்கலாகாதது ஒன்று நேர்ந்தது. துணிக்கடைப் பணியாளரின் மகவு வரவில்லை. ஜூன் 2-ஆம் நாள் பள்ளிகள் திறந்தன. அன்று திங்கட்கிழமை, அதன் பாய் வெறிதே கிடந்தது. புதனும் அவ்வாறே, வெள்ளியும் அவ்வாறே. அன்னையார் அப்பாயைச் சுருட்டவில்லை. வெள்ளி மாலை வீடு துடைக்கும் ஆச்சியார் ஒரு செய்தி கொணர்ந்தார்: அம்மகவை அதன் அண்ணனாகிய சிறுவன் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கின்றான் என்று. அவன் நான்காம் வகுப்பு மாணவன். பள்ளி திறந்த முதல் வாரத்தில் மூன்று நாள் அவன் பள்ளிக்குச் செல்லவில்லை.

இதனைக் கேட்ட எம் அன்னையார் பேச்சற்று அமர்ந்தார். ஒன்பது ஆண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தவர் அவர். அவர் பெயரிட்ட தாள் ஒன்று ஒரு பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்திவிட்டது. அத்தாளை எழுதியவரோ அருகில் இருந்தோம்.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு, கடை அடைத்து அத்தாயார் வீடு திரும்பும் நேரம் பார்த்து, அன்னையாருடன் யாமும் சென்றோம். ஓர் அறையும் ஒரு திண்ணையுமே அவ்வீடு. எம்மைக் கண்டதும் மகவு பாட்டியின் பின்னே ஒளிந்தது. பின்னர் ஓடிவந்து அன்னையாரின் மடியில் ஏறிக்கொண்டது. எம் மடல் சுவரிலே நாட்காட்டிக்குப் பின் செருகப்பட்டிருந்தது. அத்தாயார் எம் அன்னையாரை நாற்காலியில் இருத்தித் தாம் நின்றே பேசினார். கடைகளிற் பணி செய்வார்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் சட்டத்திருத்தம் வந்தது. ஆயினும் நாளெல்லாம் நின்ற கால்கள் வீட்டிலும் நிற்கவே பழகிவிட்டன போலும்.

'கோர்ட்டு நோட்டீசு மாதிரி இருந்திச்சு டீச்சர். பயந்துட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொன்னேன். அதுக்கும் பாதி புரியல. ஐந்நூறு மட்டும் புரிஞ்சுது' என்றார் அவர்.

எம் அன்னையார் அம்மடலைப்பற்றி ஒன்றும் மறைக்கவில்லை. பால் இவ்வளவு ஏறியது, மின்சாரம் இவ்வளவு ஏறியது, எரிவாயு குறைந்தது, ஆச்சியார் கூலி உயர்ந்தது, மூன்றாண்டு கேளாமல் இருந்தது என் பிழை, ஒரேயடியாக ஐந்நூறு கேட்டதும் என் பிழை என்று எளிய சொற்களால் வரிசையாகச் சொன்னார். எம் கட்டணத்தை மட்டும் சொல்லவில்லை. அது எம்மைக் காக்கும்பொருட்டு. கேட்டுக்கொண்டிருந்த தாயார், 'இருநூறுன்னா அன்னைக்கே கொடுத்திருப்பேனே டீச்சர். வாயால கேட்டிருந்தா நானும் வாயால சொல்லியிருப்பேன். தாளுக்கு நான் என்ன பதில் எழுத?' என்றார். இச்சொற்கள் எம் நெஞ்சில் தைத்தன. மொழி என்பது இருவர்க்கும் பொதுவாகிய பாலம் என்று வகுப்பறையிற் கற்றோம். அதனைக் கொண்டு ஒருபுறத்தார் மட்டும் கடக்கத்தக்கதொரு மதில் எழுப்பியிருந்தோம்.

திங்கட்கிழமை முதல் மகவு வருவதென்றும், கூலியைப் பின்னர்ப் பேசிக்கொள்வதென்றும் முடிவு செய்து மீண்டோம். வழிநெடுக அன்னையார் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் மாலை வழிபாடு அன்று இரவு வழிபாடாயிற்று. வேதாகமத்தில் அன்றைக்குரிய பகுதி வேறாயிருந்தும், அன்னையார் திராட்சத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமையை எடுத்துப் படித்தார். விடியலில் வந்தார்க்கும் பதினோராம் மணி வேளையில் வந்தார்க்கும் தோட்டக்காரர் ஒரே வெள்ளிக்காசு கொடுத்த கதை அது. யாம் எம் கணக்குத் தாளை எடுத்துவந்து வழக்காடினோம். முழுநாட் பிள்ளையின் 2500 ரூபாயை அது இருக்கும் மணிகளால் வகுத்தால், மணிக்கு ஏறத்தாழ 10 ரூபாய் 50 காசு. மாலைப் பிள்ளைக்கோ மணிக்கு 16 ரூபாய் 67 காசு. மூன்றுநாட் பிள்ளைக்கு மணிக்கு ஏறத்தாழ 10 ரூபாயே. 'இவற்றுள் எது நேர்மை?' என்று வினவினோம்.

அன்னையார் விடை இது: மணியைக் கொண்டு அளப்பது முதற்பிழை. மாலைப் பிள்ளைகள் மூவரும் மூன்று மணிநேரமே இருப்பினும், பசியோடும் களைப்போடும் வந்து பாலும் பண்டமும் வேண்டி அழுவது அப்போதுதான். ஐந்தாறு பிள்ளைகள் ஒருசேர இருப்பதும் அப்போதுதான். காலையில் அவர்களின் பாய் வெறிதாயிருக்கின்றது. ஆயினும் மூன்று மணிக்கு அவர்கள் வருவர் என்பதனால் அதனை வேறொருவர்க்கு நாள் முழுதும் கொடுத்தல் இயலாது. மூன்றுநாட் பிள்ளையும் அவ்வாறே. அது வாராத மூன்று நாளும் அதன் பாய் அதற்காகவே காத்திருக்கின்றது. தோட்டத்திற்குப் பதினோராம் மணி வேளையில் வந்தவரும் அதுவரை உறங்கியிருந்தவர் அல்லர். அழைப்பார் இன்றிக் கடைத்தெருவில் நின்றவர். நின்ற நேரமும் அவர் நாளில் அடங்கியதே. ஆதலின் பகுதிநேரப் பிள்ளை பாதி நேரம் இருப்பினும் முழுப் பாயைக் கொள்கின்றது. பாதிக் கூலி என்று மூன்றாண்டுக்கு முன் வைத்ததுதான் கணக்கின் ஓட்டை. பால் விலை அன்று.

'அப்படியாயின் பகுதிநேரப் பிள்ளைக்குக் கூலியை இன்னும் மிகுத்தன்றோ கேட்கவேண்டும்?' என்றோம். 'ஏல, பாய் சும்மா கிடக்குன்னா பணத்தைக் கூட்டணும்னு ஏன் நினைக்க? பாய்க்கு இன்னொரு பிள்ளையைத் தேடேன்' என்றார் அன்னையார்.

இவ்வொரு சொல்லில் எம் கணக்கெல்லாம் தலைகீழாயிற்று. அடுத்த தெருவில் ஓர் அம்மையார் தையற் பயிற்சி நிலையமொன்றில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள் கற்பிப்பவர். அவர்தம் சிறுமகனை முழுத் திங்களுக்கும் விடுதற்குப் பொருளின்மையால் அவ்வப்போது அண்டை வீடுகளில் விட்டுச் செல்வார். அன்னையார் அவரை நேரிற் கண்டு பேசினார். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் பெண்மகவும், மற்ற மூன்று நாளும் ஆண்மகவுமாக ஒரே பாயை இருவர் பகிர்ந்துகொள்வதென ஏற்பாடாயிற்று. இருவர்க்கும் தனித்தனி விரிப்புத்துணியும் தம்ளரும் தட்டும் உள, பாய் ஒன்றே. ஒவ்வொருவர்க்கும் 1450 ரூபாய். இரண்டும் கூடி 2900. முழுநாட் பிள்ளையின் கூலியாகிய 2500 ரூபாய் மூன்றாண்டும் நூற்றுக்கு 5 வீதம் வளர்ந்திருப்பின் ஏறத்தாழ அதே 2900 ஆகும். இவ்வாறு, எவர்மேலும் பெருஞ்சுமை ஏற்றாமலே பாய் தன் முழுக் கூலியைப் பெற்றது.

பின்னர் அன்னையார் ஒவ்வொரு வீட்டாரையும் வாயிலிலேயே நிறுத்திப் பேசினார். முழுநாட் பிள்ளைக்கு 2900, பகுதிநேரப் பிள்ளைக்கு 1450 என்று சொல்லி, மிகுதியாகக் கொடுத்திருந்தார்க்கு அம்மிகுதியைத் திருப்பிக் கொடுத்தார். ஒருவர் வாங்க மறுத்தார், அன்னையார் விடவில்லை. தண்டம் நீங்கிற்று. தாழ்த்து வருவார் ஆறு மணிக்கு முன் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லவேண்டும் என்பது மட்டும் நின்றது. பெண்மகவின் பாட்டியார் மகளிர்க்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் வருபவர். அப்பேருந்து தாழ்ந்தால் அவர் என் செய்வார்? நூறு ரூபாய்க்காரர், பழக்கம் மாற மூன்று திங்களாயினும், இப்போது மறுபடியும் ஓட்டமும் நடையுமாய் வருகின்றார்.

திங்கள் வருவாயைக் கூட்டிப் பார்த்தோம். முன்னர் 10,000 ரூபாய். எம் மடலின்படி எல்லாரும் இருந்திருப்பின் 14,000. ஆயின் ஒரு பிள்ளை நின்றமையால் 12,250. அன்னையாரின் ஏற்பாட்டில் 13,050. மடல் கேட்டதனினும் குறைவாகக் கேட்டு, மடல் பெற்றதனினும் மிகுதியாகப் பெற்றார் அவர். அன்றி, நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கின்றான். அதனை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எமக்குத் தெரியவில்லை.

எம் கட்டணத்தின் குறையை ஈடுசெய்ய, தந்தையார் பணியாற்றும் அச்சகத்திலேயே சனிக்கிழமைதோறும் மெய்ப்புத் திருத்தும் வேலையை ஏற்றுக்கொண்டோம். இரண்டு மணிநேர வேலையே. ஆயினும், தாள்கள் எப்போது வருமென்று அறியாமல் சனிக்கிழமை முழுதும் அச்சகத்திலேயே இருத்தல் வேண்டும். பாதி நேரம் என்பது முழு நாளைக் கொள்ளும் என்னும் உண்மையை அங்கே மை படிந்த கையோடு மறுமுறை கற்றோம்.

அன்பர்களே! உங்கள் இல்லங்களிலும் இத்தகைய சிறுதொழில் செய்யும் அன்னையரும் தமக்கையரும் இருக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மகப்பேற்றுச் சட்டத் திருத்தம், 50 பேரும் அதற்கு மேற்பட்டாரும் பணிபுரியும் நிறுவனங்களே பிள்ளைக் காப்பகம் அமைத்தல் வேண்டும் என்று விதித்தது. சிறு கடைகளிலும் வீடுகளிலும் உழைக்கும் தாயர்க்கோ, அடுத்த தெருவில் பாய் விரித்துக் காத்திருக்கும் ஒரு பெண்மணியே காப்பகம். அவர் கூலி உயராமல் நின்றால் அக்காப்பகம் நில்லாது. ஒருநாளில் மிக உயர்ந்தால் பிள்ளைகள் நில்லார். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, இரண்டு திங்களுக்கு முன்னர், காரணம் கூறி, முகம் நோக்கிக் கேட்டல் ஒன்றே இதற்கு வழி என்பதனை எம் பிழையால் அறிந்தோம். கேட்கும் தொகை எவ்வளவு என்பதினும், அதனுள் நமக்கே உரிய மறைவான தேவை எவ்வளவு கலந்துள்ளது என்று முதலில் ஆராய்தல் மிக வேண்டற்பாலது.

இவ்வாண்டு ஜூன் முதல் பகுதிநேரப் பிள்ளைக்கு 1520, முழுநாட் பிள்ளைக்கு 3040 என்று அன்னையார் முடிவு செய்திருக்கின்றார். ஏப்ரல் திங்களிலேயே சொல்லிவிடல் வேண்டும் என்பது அவர் கருத்து. 'எளிய தமிழில் ஒரு சிறு மடல் எழுதித் தரட்டுமா?' என்று யாம் பணிவோடு கேட்டோம். அன்னையார் சுருட்டிய பாய்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே, 'வேண்டாம்ல, வாயால சொல்லிக்கிடுதேன்' என்றார்.